அப்பாவின் 1971 ஜாவா 250: எங்கிருந்து தொடங்குவது? பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

மெரூன்டேங்க் | கோபி | ஜூன் 8

எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் அப்பாவின் ஜாவா 250 நிற்கிறது. 1971 மாடல், ஏ டைப், மெரூன் நிறம். அப்பா 2003 வரை ஓட்டினார். கண் பார்வை குறைந்ததும் சாக்கைப் போட்டு மூடியவர், பிறகு எடுக்கவே இல்லை. போன தை மாதம் தவறிவிட்டார். அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வித்துராத. ஓட்டு."

வண்டி இப்போது இருக்கும் நிலை: கிக்கர் இறங்கவில்லை, இன்ஜின் பிடித்திருக்கிறது. டேங்க் உள்ளே முழுக்கத் துரு. இடது சைலன்சரில் அடிப்பக்கம் ஓட்டை. சீட்டை எலி தின்றுவிட்டது. சைட் பாக்ஸ் மூடி ஒன்றும் டேங்கின் இடது முட்டி ரப்பரும் காணவில்லை. ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருக்கிறது.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடலாம், பழசை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடலாம் என்றார். எனக்கு மனசு வரவில்லை. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், டிராக்டர் வேலை பழக்கம். ஆனால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைத் திறந்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இரட்டைச்சைலன்சர் | மைசூரு | ஜூன் 8

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. இரும்புக் கடைப் பேச்சை முதலில் நிறுத்திவிடுங்கள். உடைந்த வாசர் கூட வெளியே போகக் கூடாது.

காரணம் சொல்கிறேன். இந்த வண்டிகளைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை இங்கே மைசூரு யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை ஓடியது. கதவு மூடியபின் வந்த பாகங்களில் பெரும்பாலானவை நகல். அதுவும் அசலைப் பார்த்து எடுத்த நகல் அல்ல, நகலைப் பார்த்து எடுத்த நகல். ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் நழுவும். துளை அரை மில்லி தள்ளிப் போகும், உலோகம் மென்மையாகிவிடும். உங்கள் கையில் இருக்கும் தேய்ந்த அசல் பாகம்தான் அளவுகோல். அதை வைத்துத்தான் புதியது சரியா என்று பார்க்க முடியும், லேத்தில் செய்து வாங்கவும் முடியும். அதைத் தூக்கி எறிந்துவிட்டால் கடைக்காரர் கொடுப்பதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நாளைக்கே செய்ய வேண்டியது: மூடி போட்ட டப்பாக்கள் ஒரு இருபது வாங்குங்கள். கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஒரு பாகம், ஒரு டப்பா, ஒரு சீட்டு. ஒயர் எங்கே எந்த நிறம் போகிறது என்று எழுதுங்கள். நாற்பது ஆண்டு இந்த வண்டிகளோடு இருந்துவிட்டேன். பாதியில் நின்றுபோன வேலைகளில் பெரும்பாலானவை காசில்லாமல் நிற்கவில்லை, எது எங்கே இருந்தது என்று மறந்துபோய்த்தான் நின்றன.

லேத்கோவை | கணபதி, கோவை | ஜூன் 9

கிக்கர் மேல் ஏறி மிதிக்க வேண்டாங்க. பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள். இரும்புச் சுத்தியல் நேராகப் படவே கூடாது.

சிலிண்டரை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இடது வலது திருகாமல் நேராக மேலே தூக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ரிங் முனைகள் போர்ட் துளையில் மாட்டினால் ரிங்கும் போகும், போர்ட் விளிம்பும் போகும்.

இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினுக்கு இணைப்புக் கண்ணி கிடையாது. இன்ஜின் ஸ்பிராக்கெட், செயின், கிளட்ச் டிரம் மூன்றையும் ஒன்றாகத்தான் உருவ வேண்டும். அதற்கான புல்லர் என்னிடம் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கொடுத்தால் போதும்.

நீலகிரிரோட்கிங் | குன்னூர் | ஜூன் 11

டேங்க் துருவுக்கு நான் சொல்கிறேன் அண்ணா. போன வருஷம் என் யெஸ்டி ரோட்கிங் வண்டியின் டேங்கை இப்படித்தான் சுத்தம் செய்தேன்.

ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். துருவோடு நல்ல தகரத்தையும் தின்றுவிடும், கழுவிய ஒரு மணி நேரத்தில் மறுபடி மஞ்சள் பூக்கும். கரும்பாலைக் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ், மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பெட்ரோல் காக்கைக் கழற்றி, துளையை ரப்பரால் அடைத்து, டேங்க் நிறைய ஊற்றி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். நாற்றம் தாங்காது, வீட்டுக்குள் வைக்காதீர்கள். துருவை மட்டும் கழற்றும், இரும்பைப் பெரிதாகத் தொடாது. வெளிப்பக்க குரோமில் வழிந்தால் உடனே கழுவிவிடுங்கள். கடைசியில் வெந்நீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றே டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலைக் குலுக்கி விடுங்கள். ஒரு நாள் சும்மா விட்டாலும் துரு திரும்பி வரும்.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலையும் மனதில் வையுங்கள். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் டியூப், காக்கின் கார்க் வாசர் இரண்டும் ஊறிக் கெடும். எத்தனாலுக்குத் தாங்கும் டியூபாகக் கேட்டு வாங்குங்கள். வண்டி பத்து நாளுக்கு மேல் நின்றால் காக்கை மூடி, கார்ப்பரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

மெரூன்டேங்க் | கோபி | ஜூலை 13

நன்றி சொல்ல வார்த்தை இல்லை. இன்ஜின் ஒன்பதாவது நாள் அசைந்தது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்று முழுதும் பிரித்துவிட்டேன். சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதாவது போர், முன்பே ஒரு முறை போட்டிருக்கிறார்கள், பிஸ்டன் தலையில் 65.50 என்று இருக்கிறது. சிலிண்டரில் துருப் புள்ளிகள். கனெக்டிங் ராடு மேலும் கீழும் ஆடுகிறது. கிராங்க் பேரிங் இரண்டும் கரகர என்கின்றன. ஆயில் சீல் கல்லாக இறுகிவிட்டது. கிளட்ச் தட்டுகளில் கார்க் பொடிப்பொடியாக உதிர்கிறது. கியர்கள் மட்டும் நேற்று போட்டது போல இருக்கின்றன.

சைலன்சரைத் தட்டியதும் உள்ளிருந்து ஒரு கைப்பிடிக் கரி கொட்டியது. ஈரோட்டுச் சந்தைக்கு இதில்தான் மஞ்சள் மூட்டை போயிருக்கிறது.

லேத்கோவை | கணபதி, கோவை | ஜூலை 14

கிராங்க்கை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், போல்ட் கிடையாது. பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து ராடு கிட் மாற்றி, மறுபடி அழுத்திச் சேர்த்தபின் இரண்டு சென்டருக்கு நடுவே சுழற்றி டயல் கேஜில் பார்க்க வேண்டும். 0.03 மில்லிக்குள் ஆட்டம் இருந்தால் நல்லது. சுத்தியால் அடித்து நேராக்குகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்த வண்டி கைப்பிடியில் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

பேரிங்கை ஜாவா பேரிங் என்று கேட்காதீர்கள். அதன் விளிம்பில் எண் இருக்கும், அதைச் சொல்லி பேரிங் கடையிலேயே நல்ல கம்பெனியாக வாங்குங்கள். கிராங்க்குக்கு சி3, அதாவது உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி உள்ளதாக வேண்டும். ஆயில் சீலும் அப்படித்தான்: உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றும் போதும். செக்கோஸ்லோவாகிய வடிவமைப்பு என்பதால் எல்லாம் மெட்ரிக் அளவு. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் விட்வொர்த் ஸ்பேனர் தேடி அலைகிற கஷ்டம் நமக்கு இல்லை.

பேரிங்கைக் கேஸில் ஏற்றும்போது கேஸைச் சுட வையுங்கள். தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் சுர்ரென்று துள்ள வேண்டும். அந்தச் சூட்டில் பேரிங் தானாக இறங்கும், அடிக்கவே வேண்டாம்.

மெரூன்டேங்க் | கோபி | ஆகஸ்ட் 3

பார்ட்ஸ் வேட்டைக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்குப் பின்னால் வருபவருக்கு உதவட்டும்.

முதலில் பிஸ்டன். ஒரு கடையில் 65.75 அளவு கேட்டேன். அட்டைப்பெட்டியில் அளவு அச்சாகியிருந்தது, பார்க்கப் பளபளப்பு. அசல் என்றார்கள், விலையும் அதற்கேற்ப. லேத்கோவை அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை, மைக்ரோமீட்டரை எடுத்தார். பாவாடைப் பகுதியில், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பாகத்தில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே அளந்தால் ஒரு அளவு, சுற்றிக்கொண்டே போனாலும் அதே அளவு. நல்ல பிஸ்டன் முழு வட்டமாக இருக்காதாம், சூட்டில் விரிவதற்காக லேசான நீள்வட்டமாகக் கடைந்திருப்பார்களாம். என் பழைய பிஸ்டனை அளந்து காட்டினார், தேய்ந்த பிறகும் அந்த வித்தியாசம் தெரிந்தது. எடையும் புதியதில் கூடுதல். "இதைப் போட்டால் நாற்பது கிலோமீட்டரில் பிடிக்கும்" என்றார். கடையில் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள். அந்தக் காசு போனது போனதுதான்.

பழைய பிஸ்டன் இரும்புக் கடைக்குப் போயிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. மைசூருப் பெரியவர் இரட்டைச்சைலன்சர் முதல் நாளே சொன்னது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

அடுத்த வாரம் சென்னை போனேன். புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க நடந்தேன். பெரும்பாலான கடைகளில் கார் சாமான்தான். ஆனால் சந்துக்குள் சந்தாகப் போனால் பழைய இருப்பு வைத்திருக்கும் வயசாளிகள் இருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் இல்லை என்று தலையாட்டுவார்கள். பையிலிருந்து பழைய பாகத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் முகமே மாறும். "இதுவா? இரு" என்று பரணில் ஏறுவார்கள். சைட் பாக்ஸ் மூடி அப்படித்தான் கிடைத்தது. வேறு வண்டியில் ஓடியது, நீல பெயிண்ட் அடித்தது, ஆனால் அசல் தகரம்.

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கேபிள்களும் ஸ்போக்ஸும். பிஸ்டன் கடைசியில் மைசூருவில் பெரியவர் தெரிந்த ஒருவரிடம், பிரிக்காத பழைய இருப்பு, 65.75. பிஸ்டனை லேத்தில் கொடுத்து அதற்கேற்பப் போர் போட்டோம். பெட்டியில் இருக்கும் எண்ணுக்குப் போர் போடக் கூடாது என்பது இந்த மாதம் நான் கற்ற இன்னொரு பாடம்.

கார்ப்பரேட்டர் ஜிகோவ். ஸ்லைடு தேய்ந்து லொடலொட என்றிருந்தது. புதிதாக நகல் வாங்கச் சொன்னார்கள், வாங்கவில்லை. பித்தளையில் புதிய ஸ்லைடு கடைந்தோம். மிதவையை வெந்நீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வந்தது. உள்ளே இருந்த பெட்ரோல் முழுக்க ஆவியாகும் வரை காயவைத்து, துளியூண்டு ஈயம் வைத்து அடைத்தோம். ஈயம் அதிகமானால் மிதவை கனத்து, பெட்ரோல் மட்டம் ஏறிவிடும்.

புதுப்பேட்டைவாசி | சென்னை | ஆகஸ்ட் 3

அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள் ஜி, நானும் கூட வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

செக் நாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். அங்கே இந்த 250 லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் சீல் முதல் சைலன்சர் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் நம் ஏ டைப்புக்கும் அவர்களின் 353 மாடலுக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, படத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கூரியர், சுங்க வரி சேர்த்தால் விலை எங்கேயோ போகும். ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும்.

ஒன்று கேட்கிறேன். டைனமோவை வைத்து ஏன் போராட வேண்டும்? 6 வோல்ட் விளக்கில் ராத்திரி ஒன்றும் தெரியாது. செக் நாட்டு வேப் கம்பெனியின் 12 வோல்ட் கிட் இருக்கிறது, தீப்பொறிக்கான பாயிண்டும் வேண்டாம், ரெகுலேட்டர் தொல்லையும் இல்லை.

இரட்டைச்சைலன்சர் | மைசூரு | ஆகஸ்ட் 4

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த டைனமோ சரியாக இருந்தால் கெடவே கெடாது. கம்யூட்டேட்டரைக் கடைந்து, நடுவில் இருக்கும் மைக்காவைக் கீறி இறக்கி, புது கார்பன் பிரஷ் போட்டு, பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லி வைத்தால் முதல் கிக்கில் எடுக்கும். ரெகுலேட்டர் முனைகளைச் சுத்தம் செய்யாமல் டைனமோவைக் குறை சொல்கிறார்கள்.

நீலகிரிரோட்கிங் | குன்னூர் | ஆகஸ்ட் 4

பெரியவர் சொல்வது பகல் ஓட்டத்துக்குச் சரி. நான் மேட்டுப்பாளையம் ரோட்டில் பனிமூட்டத்தில் இறங்குகிறேன், பின் விளக்கு மங்கினால் பின்னால் வரும் லாரிக்கு நான் இருப்பதே தெரியாது. என் வண்டியில் 12 வோல்ட்தான். அந்த கிட்டுக்கு எதையும் வெட்ட வேண்டாம், துளை போட வேண்டாம். கழற்றிய டைனமோவைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம். பழசை அழிக்காத மாற்றம் தப்பில்லை என்பது என் எண்ணம்.

மெரூன்டேங்க் | கோபி | ஆகஸ்ட் 6

இருவருக்கும் நன்றி. எனக்கு ராத்திரி ஓட்டம் இல்லை. டைனமோவையே சரிசெய்கிறேன். ஆர்மேச்சரை ஈரோட்டில் சோதித்தாயிற்று, காயில் நன்றாக இருக்கிறது.

ஆர்.சி. விஷயம் யாருக்காவது தெரியுமா? அப்பா பெயரில் இருக்கிறது, புதுப்பித்துப் பல வருஷம் ஆகிறது.

ஐம்பதுகடந்தது | சேலம் | ஆகஸ்ட் 7

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, அதுதான் உரிமையாளர் இறந்தபின் வாரிசுக்கு மாற்றுவது. படிவம் 30ஐக் கொடுத்துவிடாதீர்கள், அது விற்பனைக்கு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவின் சம்மதம் எல்லாம் தயாராக வையுங்கள். புதுப்பிக்கப் படிவம் 25. வண்டி ஓடும் நிலையில் நேரில் காட்ட வேண்டும், தேறினால் 5 ஆண்டு தருவார்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதியும் உண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் அமைப்பு மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும், புதிதாகப் பதிவு செய்தால் 'வி.ஏ.' எழுத்து வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும். நீங்கள் சந்தைக்குப் போய்வர நினைத்தால் சாதாரணப் புதுப்பித்தல்தான் சரி.

பெயிண்ட் அடிக்கும் முன் இன்னொன்று. சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் பட்டி போடவோ கிரைண்டர் வைக்கவோ விடாதீர்கள். எண் மங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மெரூன்டேங்க் | கோபி | அக்டோபர் 19

எடுத்துவிட்டது!

ஏழாவது கிக். கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர் ஆகும் அல்லவா, அம்மா அதைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அப்பா அப்படித் திருப்பும் சத்தம் கேட்டுத்தான் காலையில் எழுவோம்.

ஆனால் ஒரு சிக்கல். புகை நிற்கவே இல்லை. வெள்ளைப் புகை, கொட்டகையே மறைகிறது. லிட்டருக்கு 40 மில்லி ஆயில்தான் கலந்தேன். இரண்டு நாள் ஓட்டியும் குறையவில்லை.

இரட்டைச்சைலன்சர் | மைசூரு | அக்டோபர் 19

கியர் ஆயில் மட்டத்தைப் பாருங்கள் தம்பி. குறைந்திருக்கிறதா?

மெரூன்டேங்க் | கோபி | அக்டோபர் 19

ஆமாம் ஐயா, நன்றாகவே குறைந்திருக்கிறது. வெளியே ஒழுகவும் இல்லை.

இரட்டைச்சைலன்சர் | மைசூரு | அக்டோபர் 20

அப்படியானால் கிராங்க்கின் இடது பக்க ஆயில் சீல். அந்தப் பக்கம் கிளட்சும் பிரைமரி செயினும் ஆயிலில் ஓடுகின்றன. சீல் பிடிக்கவில்லை என்றால் பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க்கேஸ் அந்த ஆயிலை உறிஞ்சும், அது எரிந்து புகையாகும். வலது பக்க சீல் போனால் புகை வராது, காற்றை இழுத்துக் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறும், அது இன்னும் மோசம். எந்த சீல் போட்டீர்கள்?

மெரூன்டேங்க் | கோபி | அக்டோபர் 20

வலது பக்கத்துக்கு பேரிங் கடையில் அளவு சொல்லி வாங்கியது. இடது பக்கம் இன்ஜின் பேக்கிங் செட்டோடு வந்த சீல். இருக்கிறதே என்று போட்டுவிட்டேன்.

லேத்கோவை | கணபதி, கோவை | அக்டோபர் 20

அதுதாங்க. செட்டோடு வருவதை நம்ப வேண்டாம். சூட்டுக்கும் பெட்ரோலுக்கும் தாங்கும் வைட்டான் ரப்பர் சீலாகக் கேட்டு வாங்குங்கள். கிராங்க் தண்டில் சீல் உட்காரும் இடத்தில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் சீலை ஒரு மில்லி உள்ளே தள்ளிப் புது இடத்தில் உட்கார வையுங்கள்.

மெரூன்டேங்க் | கோபி | நவம்பர் 16

சீல் மாற்றியாயிற்று, புகை நின்றது. இப்போது மெல்லிய நீலப் புகை மட்டும், அது டூ ஸ்ட்ரோக்குக்கு உரியதுதான். கிளட்சுக்குப் புதிய கார்க் தட்டுகளை ஒரு ராத்திரி ஆயிலில் ஊறவைத்துப் போட்டேன். கைக் கிளட்சைப் பிடிக்காமல் காலால் மட்டுமே கியர் மாற்ற முடிகிறது, அப்பா ஓட்டியது போலவே.

பெயிண்ட் விஷயம்: அசல் மெரூன் எது என்று குழப்பம் இருந்தது. சைட் பாக்ஸ் உள்பக்கம் வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருந்தது, அதைத் தேய்த்துக் காட்டிக் கலக்கச் சொன்னேன். டேங்க் தங்கக் கோட்டை நாமக்கல்லில் லாரிகளுக்குக் கோடு இழுக்கும் ஒருவர் நீளமுடித் தூரிகையால் ஒரே இழுப்பில் போட்டார். ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னவர்கள் அதை வந்து பார்க்க வேண்டும்.

குரோம் பகுதியை மட்டும் புதிதாக்கவில்லை. டேங்கின் வலது பக்கம் அப்பாவின் முட்டி உரசிய இடத்தில் மங்கலாக இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

இதுவரை 160 கிலோமீட்டர், 50ஐத் தாண்டவில்லை. இன்னும் கிடைக்காதது ஒன்றுதான், இடது முட்டி ரப்பர்.

பின்சீட்டுப்பயணி | தஞ்சாவூர் | நவம்பர் 22

வணக்கம் அண்ணா, இழை முழுக்கப் படித்தேன். என்னிடம் 1969 ஏ டைப் இருக்கிறது, இப்போதுதான் பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன். எனக்கு நேர் எதிர்: இடது ரப்பர் நன்றாக இருக்கிறது, வலது இல்லை. இடதை அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலதைத் தர முடியுமா?

மெரூன்டேங்க் | கோபி | நவம்பர் 22

தம்பி, நாளைக்கே பார்சல் போடுகிறேன். கோவையில் ரப்பர் அச்சு செய்பவரை லேத்கோவை அண்ணன் விசாரித்து வைத்திருக்கிறார், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே அச்சு எடுத்துவிடலாம். வேறு யாருக்கு வேண்டுமோ இங்கே எழுதுங்கள், எத்தனை ஜோடி என்று தெரிந்தால் விலை பேசலாம். அச்சு எடுத்ததும் அசல் இரண்டும் அவரவருக்குத் திரும்ப வந்துவிடும். உங்கள் ரப்பரின் பின்பக்கத்தில் தகரப் பட்டை இருந்தால் பிய்க்காமல் அப்படியே அனுப்புங்கள்.